ஓய்வு மணியில் நெய்த விரிப்பு

தோரா லிண்ட்ஸ்டாட் தன் மகளைக் கடைசியாகத் தொட்டபோது சிக்னேவுக்கு நாலு வயது. இப்போது ஆறு முடியப் போகிறது. நடுவில் போன காலமெல்லாம் அம்மா என்பவள் அந்தப் பிள்ளைக்கு மாடி வராந்தாவிலிருந்து ஆடுகிற ஒரு கைதான்.

எங்கள் மாவட்டத்துக் காசநோய் சானடோரியத்தில் அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் மேலே வரலாம், பிள்ளைகள் வரக்கூடாது. கீழே புல்வெளியில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள். பிள்ளைகள் அதற்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக் கையாட்ட வேண்டும். மேலே இருப்பவர்கள் பதிலுக்குக் குரல் கொடுக்கவும் கூடாது, நெஞ்சுக்கு ஆகாது என்பார்கள். நோய் கொடியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கற்களுக்கு வருஷா வருஷம் புதுச் சுண்ணாம்பு அடித்தானே ஒருவன், அவனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

தோரா நோஞ்சான் உடம்புக்காரி இல்லை. மினசோட்டாவின் வடக்குக் கோடியில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் நிலத்தில், புருஷன் ஹால்வரோடு சேர்ந்து மாட்டுப் பண்ணை நடத்தியவள். இரண்டு கையிலும் பால் வாளி தூக்கிக்கொண்டு பனியில் வழுக்காமல் நடப்பாள். ஒரு மார்ச் மாதக் காலையில் தொழுவத்து வாசலில் இருமினாள். வெள்ளைப் பனியின் மேல் சிவப்பாக விழுந்தது. அந்த வாரமே சானடோரியத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள ஹால்வரின் தங்கை ராக்னா வந்தாள். கல்யாணம் ஆகாதவள், கறார்ப் பேர்வழி. வந்த முதல் நாளே தோராவின் கோப்பையையும் தட்டையும் தலையணையையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். இதை ஹால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் தவறி உளறிவிட்டு, அப்புறம் போகும்வரை தொப்பியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சானடோரியத்தில் வைத்தியம் என்பதே படுத்துக் கிடப்பதுதான். கோடையானாலும் உறைபனியானாலும் வராந்தாவில் கட்டில். பால், முட்டை, மறுபடி பால். மதியம் இரண்டு மணிக்கு ஒரு மணி அடிப்பார்கள். அது ஓய்வு மணி. நாலு மணிவரை பேச்சில்லை, படிப்பில்லை, கையைக்கூட அசைக்கக் கூடாது. கை அசைந்தால் நெஞ்சு அசையும், நெஞ்சு அசைந்தால் புண் ஆறாது என்பது டாக்டர் ஓவர்பியின் கணக்கு. அது முடிந்ததும் நர்ஸ் காஃப்லின் வந்து வாய்க்கு வாய் தெர்மாமீட்டர் வைப்பாள்.

கைவேலைக்கு என்று காலையில் அரை மணி நேரம் கொடுப்பார்கள். அதற்கு வந்ததுதான் அந்தக் குட்டித் தறி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரச்சட்டம், நாலு ஓரத்திலும் பொடிப்பொடியாக ஆணி. நூலை ஆணிகளில் மாட்டி மாட்டி மூன்று முறை குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நாலாவது முறைக்கு நீள ஊசியில் கோத்து, ஒன்று விட்டு ஒன்று மேலே கீழே என்று ஓட்டினால் ஒரு சதுரம். ஆணியிலிருந்து கழற்றிவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். சத்தம் கிடையாது, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டே நெய்யலாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கென்றே எவனோ யோசித்துச் செய்த மாதிரி இருக்கும்.

பனி உருகியதும் கைவேலை டீச்சர் டில்டனம்மா ஒரு கூடை பருத்தி நூலோடு வந்தாள். "கோடை வருது! வீட்டுக்குப் புதுசா ஏதாவது பண்ணுவோமா? ஜன்னலுக்குத் திரை பண்ணலாம், மேசைக்கு விரிப்பு, மெத்தைக்கு மேல மெல்லிசா ஒரு போர்வை..."

"வீடு யாருக்கு இருக்குங்க இங்க?" என்றாள் பக்கத்துக் கட்டில் ஐலி. "எனக்கு ஆறடிப் பொட்டி ஒண்ணு போதும். அதுக்கு உறை தைக்கலாமான்னு சொல்லுங்க."

டில்டனம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வராந்தா முழுக்கச் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமியது.

ஐலி ஃபின்லாந்துக்காரி. சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டவள், தோராவைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுடைய நாக்குக்குப் பயந்து நர்ஸ்களே சுற்றிப் போவார்கள். தோரா வந்த புதிதில் இரவெல்லாம் அழுதபோது, "அழு அழு, நெஞ்சுல இருக்கறது வெளிய வந்துரும். ஆனா பாதியை நாளைக்கு மிச்சம் வைடி, நாளைக்கும் பொழுது போவணும்ல" என்று சொன்னவள். அன்றிலிருந்து தோராவுக்கு அவள் ஐலியக்கா.

தோரா சிக்னேயின் கட்டிலுக்கு ஒரு கோடை விரிப்பு நெய்வதென்று முடிவு செய்தாள், வெள்ளையும் வெளிர்நீலமுமாக. சதுரங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு காகிதப் பையில் சேர்ந்துகொண்டே வந்தன. சேர்த்து வைக்கலாமே தவிர ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கக் கூடாது. அது டாக்டர் போட்ட சட்டமில்லை, வராந்தாக்காரிகள் போட்ட சட்டம். வீட்டுக்குப் போகும் தேதி கையில் கிடைத்த பிறகுதான் இணைக்க வேண்டும். முந்திக்கொண்டு இணைத்தவர்கள் எல்லாம் பிணமாகப் பின்வாசல் வழியாகத்தான் போனார்கள் என்று பேச்சு. போனவளின் பை பக்கத்துக் கட்டிலுக்குச் சேரும். அதனால் எல்லாருடைய பையிலும் யாராவது ஒருத்தியின் சதுரங்கள் கிடந்தன. அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அரை மணி நேரத்தில் எவ்வளவு நெய்துவிட முடியும்? கோடை முடிவதற்குள் விரிப்பு பிள்ளையின் கட்டிலுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று தோராவுக்குப் பதைப்பு. ஓய்வு மணி அடித்ததும் கம்பளிக்கு அடியில் தறியை இழுத்துக்கொண்டாள். கண் மூடியிருக்கும், முகம் தூங்கும், விரல்கள் மட்டும் ஆணியைத் தடவித் தடவி ஊசியை ஓட்டும். பாழாய்ப்போன உடம்பு அதைக் காட்டிக் கொடுத்தது. நாலு மணிக்குக் கன்னம் இரண்டும் ஜிவ்வென்று சிவந்தது, தெர்மாமீட்டர் ஏறியது.

மே மாதத்தில் டாக்டர் ஓவர்பி வந்து கட்டிலோரம் நின்றார். "ஒரு மாசம் தொடர்ந்து ஜுரம் இல்லாம இருங்க. அப்படி இருந்தா ஜூலையில ஒரு பகல் முழுக்க வீட்டுக்கு அனுப்பறேன். ஜுரம் இல்லைன்னா கிருமி தூங்குதுன்னு அர்த்தம். பிள்ளையை மடியில வெச்சுக்கலாம். முத்தம் மட்டும் வேண்டாம்."

மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு சொல்லில் தோராவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஒழுங்காகத் தறியைக் கீழே போட்டுவிட்டுப் படுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படுத்துத்தான் பார்த்தாள். நெய்யாத நாளிலும் ஜுரம் வந்தது.

"ஏண்டி மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டிருக்கே?" என்றாள் ஐலி.

"இன்னைக்கும் ஏறிடுச்சுக்கா."

ஐலி வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனேன்ல? எப்படிப் போனேன்னு நெனைக்கிறே? காஃப்லின் வர்றதுக்கு முன்னாடி அந்தக் கம்பி மேல இருந்த பனியை அள்ளி வாயில போட்டுக்கிட்டேன். அவ வந்து பாக்கறப்ப நான் மீன் மாதிரி குளுகுளுன்னு இருப்பேன்."

"அடிப்பாவி!"

"பாவியா? போய் என் பொண்ணு லெம்பியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கினேன்டி. அதுக்கப்புறம் என்ன ஆனா எனக்கென்ன?"

ஜூன் மாதத்தில் பனி ஏது? ஆனால் எலுமிச்சை ஜூஸ் வந்தது. மாசியில் ஏரியில் அறுத்து மரத்தூளுக்குள் புதைத்து வைத்த ஐஸை உடைத்துப் போட்டுக் கொடுப்பார்கள். தோரா ஒரு துண்டைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வாள். நாக்கு மரத்துப் போகும். தெர்மாமீட்டர் சாதுவாகப் படுத்துக்கொள்ளும். "சமத்து!" என்று நர்ஸ் காஃப்லின் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போவாள். நல்ல பெண் காஃப்லின். தட்டும்போதெல்லாம் தோராவுக்கு உடம்பு கூசும், ஆனாலும் மறுநாள் ஐஸை விடமாட்டாள்.

ஜூன் கடைசியில் ஒரு காலை, புல்வெளிக்கு அந்தப் பக்கம், நோய் கண்ட குழந்தைகளை வைத்திருந்த கட்டடத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒருவர் சின்னப் பெண் ஒன்றைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஐலி முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தாள். தூக்கியவர் அவள் புருஷன். கம்பளிக்கு வெளியே ஒரு கால் தொங்க, உள்ளே இருந்தது லெம்பி.

அன்றிலிருந்து ஐலி பேசவில்லை. வராந்தாவுக்கே வாய் போனது போலாயிற்று. முட்டையைத் தொடவில்லை, பாலைத் தொடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஒரு நாள் ஓய்வு மணி நேரத்தில், கம்பளிக்குள் தோராவின் ஊசி ஓடிக்கொண்டிருக்கையில், திரும்பாமலே சொன்னாள்.

"தோரா. ஐஸ் வேண்டாம்டி."

"உங்களாலதான் வந்துச்சுன்னு யார் சொன்னா? உங்க ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு? பள்ளிக்கூடத்துல யார்கிட்டயாவது ஒட்டியிருக்கும்."

"எனக்குத் தெரியும்டி."

"உங்களுக்கு ராத்திரி முழுக்க வெச்சுக்கிட்டுத் தூங்கக் கிடைச்சுதுல்ல?" தோராவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எனக்கு ஒரு நிமிஷம் மடியில வெச்சுக்கக் கூடாதா? அனுபவிச்சவங்க சொல்றது சுலபம்."

ஐலி கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் அவளைச் சாகக் கிடப்பவர்களின் தனியறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவளுடைய காகிதப் பை தோராவின் கட்டிலில் இருந்தது. உள்ளே மஞ்சள் நூலில் சதுரங்கள். கடைசி ஒன்று பாதியில் நின்று தறியோடு இருந்தது. சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாமல் தோரா அந்தப் பாதியை நெய்து முடித்தாள்.

டாக்டர் அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு பகல். ஒரு பகல் என்பது வீட்டுக்குப் போகிற தேதியில் சேருமா சேராதா, இணைக்கலாமா கூடாதா என்று வராந்தாக்காரிகள் குசுகுசுத்தார்கள். தோரா யாரையும் கேட்கவில்லை. வெள்ளை, நீலம், நடுவில் ஐலியின் மஞ்சள் என்று வைத்துத் தைத்து முடித்தாள்.

ஹால்வர் பால் லாரியில் வந்தார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு. வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். செவலைப் பசு கன்று போட்டது, சிக்னேவுக்கு முன்பல் விழுந்தது, ராக்னா இரண்டு நாளாக வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். "பிள்ளை ராத்திரி தூங்கலை தோரா. அம்மா மடி எவ்வளவு பெரிசுன்னு கேக்கறா."

தோரா சிரிக்கப் போனாள், இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்தாள். ஹால்வர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பிரித்துப் பார்த்தாள். நூலிழை அளவுக்குச் சிவப்பு. மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். கைகளைக் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

"என்ன, குளுருதா?" என்றார் ஹால்வர். வெயில் லாரியின் தகரத்தைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க. சந்தோஷம்."

வீட்டு முற்றத்தில் மர நிழலில் ராக்னா நாற்காலி போட்டு, மேசையில் காபியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் வைத்திருந்தாள். தட்டு வீட்டுத் தட்டு, எல்லாரும் சாப்பிடுகிற நீலக்கோடு போட்ட தட்டு. தோரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க அண்ணி," என்றாள் ராக்னா. குரல் முரடாகத்தான் இருந்தது. "உங்க சாமானைக் கொளுத்தினது அண்ணன் சொல்லியிருப்பாரு. பயந்துட்டேன். எங்க அம்மா இதுலதான் போனா, நான்தான் பக்கத்துல இருந்தேன். அதான். இப்ப டாக்டரே ஜுரம் இல்லைன்னு சொல்லிட்டாரு. இனிமே எனக்கென்ன?" அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "சிக்னே! வாடி! உங்கம்மா வந்தாச்சு. ஓடி வா, தூக்கிக்குவாங்க!"

கதவு படாரென்று திறந்தது. புதுக் கவுன், இறுக்கிப் பின்னிய இரண்டு சடை, முன்பல் இல்லாத வாய் நிறையச் சிரிப்பு. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பிள்ளை முற்றத்தில் ஓடி வந்தது.

இதற்காகத்தானே எல்லாம். தோராவின் கைகள் தாமாகவே நீண்டுவிட்டன. அப்போது கம்பளிக்குள் சுற்றிய லெம்பியின் தொங்கிய கால் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"வராதே!"

அது அவள் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் கிசுகிசுத்தே பழகிய தொண்டை, அப்படி ஒரு அலறல் அலறியது. பிள்ளை நிற்கவில்லை, ஓடி வந்த வேகம். தோரா நாற்காலியைத் தூக்கி இருவருக்கும் நடுவில் தரையில் மோதினாள். "கிட்ட வராதேன்னு சொல்றேன்ல! போ! போ உள்ள!"

சிக்னே நின்றாள். கைகள் விரித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு கீழே இறங்கின. அழக்கூட இல்லை. திரும்பித் தொழுவத்துக்குள் ஓடிவிட்டாள்.

"என்ன அண்ணி இது?" ராக்னா பாய்ந்து வந்தாள். "பெத்த பிள்ளையை நாயை வெரட்டற மாதிரி... என்னவாச்சு உங்களுக்கு?"

"என் நெத்தியைத் தொட்டுப் பாரு ராக்னா."

ராக்னா தயங்கினாள். அம்மா போனதிலிருந்து எந்த நோயாளியையும் தொடாதவள். பிறகு கையை நீட்டித் தோராவின் நெற்றியில் வைத்தாள், சுட்டது போல எடுத்தாள்.

"கொதிக்குதே!"

"தினமும் இப்படித்தான். ஐஸை வாயில போட்டுக்கிட்டு ஏமாத்தினேன். எல்லாரையும் ஏமாத்தினேன். ஒரே ஒரு தடவ தூக்கிட்டு வந்துடலாம்னு..." மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஹால்வர் தொப்பியைக் கழற்றித் திருகினார். ராக்னா திட்டப் போகிறாள் என்று தோரா காத்திருந்தாள். ராக்னா திட்டவில்லை. தோரா கொண்டுவந்த விரிப்பை எடுத்துக்கொண்டு போய் முற்றத்து அடுப்பில் கொப்பரையை ஏற்றினாள். கார சோப்பைச் சீவிப் போட்டு, விரிப்பை முக்கி, கழியால் அமுக்கி அமுக்கிக் கொதிக்க வைத்தாள். தோரா நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. கொதிநீரிலிருந்து எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டபோது தையல் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

சிக்னேவைத் தொழுவத்திலிருந்து வெளியே கொண்டுவர யாராலும் முடியவில்லை. ஹால்வர் போய்க் கெஞ்சினார், ராக்னா போய் மிரட்டினாள். வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது பிள்ளை. லாரி கிளம்பும்போது தோரா தொழுவத்தைப் பார்த்துக் கையாட்டினாள். பழக்கப்பட்ட கை. அங்கே யாரும் தெரியவில்லை.

அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கற்களுக்கு அந்தப் பக்கம் லாரி நின்றது. பிள்ளை இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சடை தெரிந்தது. தோரா லாரியைப் பார்த்துக் கையாட்டினாள். இலையுதிர் காலத்திலும் அப்படித்தான். ஐஸ் விஷயத்தை அவளே டாக்டரிடம் சொல்லிவிட்டிருந்ததால் அவளுடைய தறியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிப்ரவரியில், ஏரியில் ஐஸ் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் தோரா செத்துப்போனாள். தறியைக் கிருமிநாசினியில் ஊறவைத்துக் கழுவிப் புதிதாக வந்தவளுக்குக் கொடுத்தார்கள்.

விரிப்பைச் சிக்னே தன் கட்டிலில் போடவிடவில்லை. போட்டால் சுருட்டித் தரையில் எறிவாள். ராக்னா அதைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளின் கையில் ஊசி குத்திக் காசநோய்ச் சோதனை செய்வார்கள். சிக்னேயின் கை ஒவ்வொரு வருஷமும் தடிப்பில்லாமல் சுத்தமாக இருந்தது. லெம்பி எட்டாவது பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

சிக்னேவுக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் ஏதோ வாய்ச்சண்டை. "நீ ஒண்ணும் என்னைப் பெத்தவ இல்ல!" என்று அத்தையிடம் சீறினாள்.

"பெத்தவதான் என்ன பண்ணினா தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஒரே ஒரு நாள் வந்தா. போன்னு வெரட்டினா."

ராக்னா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவ நெத்தியை நான் தொட்டுப் பாத்தேன்டி. அடுப்பா கொதிச்சுது. உன்னை ஒரு தடவ மடியில வெச்சுக்கணும்னு அத்தனை பேர்கிட்டயும் பொய் சொல்லிட்டு வந்தா. டாக்டர் தூக்கலாம்னுட்டாரு. நானே தூக்குன்னு சொன்னேன். நீயும் கையை விரிச்சுக்கிட்டு ஓடி வந்தே. யாருக்குமே தெரியாது, அவ ஒருத்திக்குத்தான் தெரியும். தூக்கியிருக்கலாம். தூக்கலை."

ராக்னா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து விரிப்பை எடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு நல்ல புழுக்கம், மேலே ஒரு துணி போட முடியாத அளவுக்கு. சிக்னே அந்த விரிப்பைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.